மொழி தெரியாத பல் மருத்துவரிடம் போகலாமா? வாய் திறப்பதற்கு முன் சொல்ல வேண்டியவை

சிவகங்கைப் பக்கத்திலிருந்து கோலாலம்பூருக்கு வந்து நான்கு மாதங்களே ஆன, உணவகம் ஒன்றில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. வலப்பக்கக் கீழ்க்கடைவாய்ப் பல் ஒரு வாரமாக வலிக்கிறது. ஜாலான் ஈப்போவில் அவர் தங்கியிருக்கும் அறையிலிருந்து நடந்து போகும் தொலைவில் ஒரு சீனப் பல் மருத்துவர் இருக்கிறார். அவர் மலாயும் ஆங்கிலமும் கேன்டனீஸும் பேசுகிறார். இவருக்குத் தமிழோடு ஆங்கிலத்தில் நாலைந்து சொற்கள்தான் தெரியும். அங்கே போகலாமா, பிரிக்பீல்ட்ஸில் தமிழ் பேசும் மருத்துவரைத் தேட வேண்டுமா, இல்லை தீபாவளிக்கு ஊருக்குப் போகும் வரை மாத்திரை போட்டுச் சமாளிக்கலாமா என்று கேட்கிறார்.

நான் கோலாலம்பூரில் சீன மருத்துவர் ஒருவரின் பல் கிளினிக்கில் இருபத்திரண்டு ஆண்டுகள் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி மொழிபெயர்ப்பும் செய்தவள் என்பதால், இந்தக் கேள்விக்கு என்னிடம் நேரான பதில் உண்டு: பக்கத்துக் கிளினிக்குக்கே போங்கள், இந்த வாரமே போங்கள்.

பல் மருத்துவத்தில் மொழிச் சிக்கல் எங்கே இருக்கிறது என்பதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்த பிறகு தமிழ்ப் புலவரும் பேச முடியாது. அங்கே மருத்துவரின் கண்ணும் கருவியும் எக்ஸ்ரேயும் பேசிக்கொள்ளும். மொழி உண்மையாகவே தேவைப்படுவது இரண்டு இடங்களில்தான். ஒன்று, வாய் திறப்பதற்கு முந்தைய ஐந்து நிமிடம். மற்றொன்று, எழுந்து கவுன்டருக்கு வந்த பின் மருந்துப் பையைக் கையில் வாங்கும் ஐந்து நிமிடம். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில்தான் நடந்தன.

தமிழ் பேசும் மருத்துவர் வேண்டும் என்று நினைப்பதில் தவறில்லை. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், மஸ்ஜித் இந்தியா சுற்றுவட்டாரத்திலும், பினாங்கில் லிட்டில் இந்தியாவை ஒட்டியும் விசாரித்தால் கிடைப்பார்கள். இந்தியாவில் படித்துத் திரும்பிய சீன, மலாய் மருத்துவர்களும் இந்த நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பினாங்கு அனைத்துலகப் பல்மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் படிப்பின் ஒரு பகுதியைச் சேலத்திலும் மறு பகுதியைப் பட்டர்வொர்த்திலும் படித்தவர்கள். ஆகவே முகத்தைப் பார்த்து மொழியை முடிவு செய்ய வேண்டாம். மருத்துவருக்குத் தெரியாவிட்டாலும் கவுன்டரில் இருக்கும் பெண்ணுக்குத் தமிழ் தெரிந்திருக்கலாம், முதலில் அதைக் கேளுங்கள். மொழியைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது சுவரில் மாட்டியிருக்கும் நடப்பாண்டுக்கான தொழில் சான்றிதழ். மலேசியப் பல்மருத்துவ மன்றத்தில் பதிவு செய்தவர் மட்டுமே இங்கு பல்லில் கை வைக்கலாம். 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் 2018ஆம் ஆண்டுப் பல்மருத்துவச் சட்டத்தின் கீழ் இது நிர்வகிக்கப்படுகிறது. வீட்டில் வைத்துக் குறைந்த விலைக்குப் பல்லுக்குக் கம்பி கட்டிவிடும் ஆட்கள் தமிழும் இனிக்க இனிக்கப் பேசுவார்கள். அவர்கள் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

இனி அந்த முதல் ஐந்து நிமிடத்துக்கு வருவோம். போவதற்கு முந்தைய இரவே ஒரு தாளில், பெரிய எழுத்தில், உங்களுக்கு இருக்கும் நோய்களையும் நீங்கள் சாப்பிடும் மருந்துகளையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலம் எழுத வராவிட்டால் மருந்து அட்டைகளை அப்படியே எடுத்துப் போங்கள். அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயர் பெரும்பாலும் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். சர்க்கரை நோய்க்கு மலாயில் ‘கெஞ்சிங் மானிஸ்’ என்பார்கள். இனிப்புச் சிறுநீர் என்று பொருள். நம் பழைய வைத்தியத்தின் மதுமேகமும் அதே எண்ணத்தில் பிறந்த சொல்தான். உயர் இரத்த அழுத்தம் ‘டாரா திங்கி’. மருந்து ‘ஊபாட்’. மருந்து ஒவ்வாமைக்கு ‘அலெர்ஜி’ என்றாலே புரியும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர் அதைச் சொல்லாமல் உட்காரவே கூடாது, ஏனெனில் பல் சீழுக்கு முதலில் எழுதித் தரப்படுவது பெரும்பாலும் அமாக்சிசிலின். அதுவும் பெனிசிலின் குடும்பம்தான். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரல், ஆஸ்பிரின் எடுப்பவர்கள், எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை மாத்திரை போடும் அம்மாக்கள், இதய வால்வு மாற்றியவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரும் பல்லைக் காட்டுவதற்கு முன் தாளைக் காட்ட வேண்டும். இரத்த மருந்தைப் பயந்து நீங்களாகவே நிறுத்திவிட்டுப் போவது, சொல்லாமல் போவதைவிட ஆபத்தானது.

வலிக்காக இதுவரை என்ன விழுங்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த டோலோவும் இங்கே ஒட்டுக்கடையில் வாங்கும் பனடாலும் வெவ்வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுபவர்கள் பலர். இரண்டும் பாராசிட்டமால்தான், ஒன்றில் 650 மில்லிகிராம், மற்றொன்றில் 500. ஆரோக்கியமான பெரியவருக்குக்கூட ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது, போனால் கல்லீரல் பாதிக்கப்படும். அதேபோல, இங்கே பல்வலிக்குச் சாதாரணமாகக் கொடுக்கப்படும் பொன்ஸ்தான் மாத்திரை, ஊரில் நீங்கள் மெஃப்டால் என்று வாங்கியதன் உறவு. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் மூச்சிரைப்பு வந்த அனுபவம் இவற்றில் ஏதேனும் இருந்தால் அதுவும் தாளில் ஏற வேண்டும்.

அடுத்தது வலியைச் சொல்வது. இதில் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பல்லில் குளிர் பட்டதும் ‘கூசுகிறது’ என்கிறோமே, அந்த உணர்வுக்கு மலாயில் தனிச்சொல்லே உண்டு: ‘ஙிலு’. ங என்ற எழுத்தைச் சொல்லின் முதலில் வைத்து உச்சரிக்கத் தமிழருக்கு வாழ்நாளில் கிடைக்கும் அபூர்வ வாய்ப்பு! (கேன்டனீஸில் பல்வலி ‘ஙா துங்’, அங்கும் அதே எழுத்துதான்.) சாதாரண வலி ‘சாக்கிட்’. விண்விண்ணென்று நாடித் துடிப்போடு தெறிப்பது ‘பெர்டெஞுட்’. வீக்கம் ‘பெங்காக்’. பல் ‘கிகி’, இரண்டு ககரத்தையும் ‘தங்கம்’ என்பதில் வரும் ககரம்போல் ஒலியுங்கள். ‘கூசி’ என்று மருத்துவர் சொன்னால் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள், அது பல் கூசுவது அல்ல, ஈறு.

கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியை நம்பலாமா என்றால், பெயர்ச்சொற்களுக்கு நம்பலாம். ஒருமுறை இளைஞர் ஒருவர் ‘பல் கூச்சம்’ என்று தமிழில் தட்டி, வந்த மலாயைப் பெருமையோடு மருத்துவரிடம் நீட்டினார். ‘பல் வெட்கப்படுகிறது’ என்று இருந்தது. மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ‘எதற்கு வெட்கம்?’ என்று என்னைப் பார்த்தார். அன்றைக்குச் சிரித்தோம், ஆனால் மருந்து ஒவ்வாமை விஷயத்தில் இப்படி நடந்தால் சிரிக்க முடியாது. செயலியில் முழு வாக்கியம் எழுதினால், வந்ததை மறுபடி தமிழுக்குத் திருப்பிப் பார்த்துவிட்டுக் காட்டுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துவர வேண்டாம். அப்பாவின் நோய்களைப் பிள்ளைக்குத் தெரியாது, தெரிய வேண்டாத சிலவும் இருக்கும்.

மருத்துவருக்கு மிகவும் உதவுவது வலியின் நடத்தை. குளிர்ந்த நீர் பட்டால் சுரீரென்று வந்து உடனே அடங்கிவிடுகிறதா? அப்படியானால் பல்லின் உள்நரம்பு பிழைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம், அடைத்தாலே போதும். குளிர் போன பிறகும் நிமிடக் கணக்கில் நின்று குடைகிறதா, படுத்தால் கூடுகிறதா, இரவில் எழுப்புகிறதா, சூடு பட்டால் துடிக்கிறதா? அப்படியானால் உள்நரம்பு திரும்பிவர முடியாத அளவுக்கு அழன்றிருக்கலாம். கடிக்கும்போது மட்டும் வலித்தால் விரிசலோ வேர்நுனியில் சீழோ இருக்கக்கூடும். இதற்கு மொழியே வேண்டாம்: ஐஸ் தண்ணீர்க் குவளையைப் படமாகவும், பக்கத்தில் கடிகாரத்தையும், நிலாவையும் தாளில் வரைந்து ஒரு மூதாட்டி கொண்டுவந்தார். எங்கள் மருத்துவர் அதை நகலெடுத்துப் பல காலம் மேசைக் கண்ணாடியின் அடியில் வைத்திருந்தார்.

எந்தப் பல் என்று விரலால் காட்டுவீர்கள். காட்டுங்கள், ஆனால் அதையே பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். மேல்பல்லின் வலி கீழ்ப்பல்லில் தெரிவதும், கீழ்ப்பல்லின் வலி காதில் தெரிவதும் வழக்கம், ஏனெனில் அந்தப் பக்கத்துப் பற்கள் அனைத்துக்கும் ஒரே பெருநரம்பின் கிளைகள்தான். அதனால்தான் மருத்துவர் நீங்கள் காட்டாத பல்லையும் தட்டிப் பார்க்கிறார். ஆள் புரியாமல் தட்டுகிறார் என்று நினைக்க வேண்டாம். பற்களுக்கு ஓர் எண் முறையும் உண்டு. எதிரே நிற்பவர் பார்க்கும் வரிசையில் அல்லாமல் உங்களுடைய வலது, இடதை வைத்தே எண்ணப்படும்: மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. பின்பு நடுக்கோட்டிலிருந்து உள்நோக்கி ஒன்று முதல் எட்டு வரை. உங்கள் வலப்பக்கக் கீழ் முதல் கடைவாய்ப் பல் 46. ‘நாற்பத்தாறு’ என்று வாசிக்காமல் ‘நான்கு ஆறு’ என்று வாசிப்பார்கள். இந்தியாவிலும் மலேசியாவிலும் இதே எண்தான் எழுதப்படுகிறது. கடைசியில் வரும் எட்டாம் பல்லை நாம் ஞானப்பல் என்கிறோம். மலாயில் ‘கிகி போங்சு’, அதாவது கடைக்குட்டிப் பல் என்பார்கள். அது படுத்தும் பாட்டைப் பார்த்தால் ஞானத்தைவிடக் கடைக்குட்டி என்ற பெயர்தான் பொருத்தம்.

நாற்காலியில் உட்கார்ந்த பின் ஒரே ஓர் எச்சரிக்கை: தலையை ஆட்டாதீர்கள். நாம் ‘சரி’ என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் சாய்த்துச் சாய்த்து ஆட்டுவோம். மரியாதைக்காக அது தானாகவே வரும். ஒரு நாள் மரத்துப்போகும் ஊசி போட்ட பின் மருத்துவர், ‘கெபாஸ்?’ என்று ஒரு பெரியவரைக் கேட்டார். மரத்துவிட்டதா என்பது கேள்வி. பெரியவர் சொல் புரியாமல், ‘நீங்கள் பார்த்துச் செய்யுங்கள் டாக்டர்’ என்ற பாவனையில் தலையை ஆட்டினார். மருத்துவர் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டார். நான் திரும்புவதற்குள் கருவி உள்ளே போய்விட்டது, பெரியவர் நாற்காலியை விட்டே எழும்பிவிட்டார். அன்று முதல், தமிழர் யார் வந்தாலும் ஊசிக்கு முன்னரே நான் ஒரு ஒப்பந்தம் போட்டு வைப்பேன்: இடக்கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும், கட்டைவிரலைக் காட்டினால் தொடரலாம். இதை நீங்களே செய்துகாட்டி, ‘ஸ்டாப்’ என்று சொன்னால் எந்த மருத்துவருக்கும் புரியும். கீழ்த்தாடைக்கு ஊசி போட்டால் சில நிமிடங்களில் அந்தப் பக்கத்து உதடு தடித்துப் பெருத்ததுபோல் இருக்கும். அதுதான் மரத்ததன் அடையாளம். அதன் பிறகும் அழுத்துவதும் இழுப்பதும் தெரியும். வலி தெரியக் கூடாது, அழுத்தம் தெரியலாம். இந்த வேறுபாட்டை அறியாமல் கை உயர்த்துபவர்களும் உண்டு, வலித்தும் பொறுத்துக்கொண்டு கண்ணீர் விடுபவர்களும் உண்டு. பொறுத்துக்கொள்வதற்கு அங்கே பரிசு எதுவும் இல்லை.

‘ஙாங்கா’ என்றால் வாயை அகலத் திற. ‘கிகிட்’ என்றால் கடி. ‘கூமூர்’ என்றால் கொப்பளி. இவை மூன்றும் தெரிந்தால் உள்ளே போதும். ஆனால் ‘சாபுட்’ என்ற சொல் காதில் விழுந்தால் கையை உயர்த்துங்கள். பிடுங்குவது என்று பொருள். ‘தாம்பால்’ என்றால் அடைப்பது. ‘ஆக்கார்’ என்று வந்தால் வேர்ச்சிகிச்சை, அதாவது ரூட் கெனால். எதைச் செய்யப் போகிறார் என்பதைப் படம் வரைந்தோ எக்ஸ்ரேயைக் காட்டியோ விளக்கச் சொல்லுங்கள். விலையையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிடுங்குவது மலிவு, கடைவாய்ப் பல்லுக்கு வேர்ச்சிகிச்சையும் பல்லின் மேல் மாட்டும் உறையும் சேர்ந்தால் தனியார் கிளினிக்கில் ஆயிரம் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டிவிடும். கையில் காசு இல்லையென்றால் அன்றைக்கு வலியை மட்டும் அடக்கித் தற்காலிக அடைப்பு வைத்துக்கொண்டு யோசிக்க நேரம் கேட்கலாம், அது தவறில்லை. பிடுங்கிய பல்லைத் திரும்ப வைக்க முடியாது. அரசாங்கப் பல் கிளினிக்குகளில் குடிமக்களுக்கு உள்ள சொற்பக் கட்டணம் வெளிநாட்டவருக்கு இல்லை. தனிக் கட்டணம் உண்டு. 2025 ஜூலை 1 முதல் தனியார் மருத்துவச் சேவைக்குக் குடிமக்கள் அல்லாதவரிடம் 6 விழுக்காடு சேவை வரியும் வாங்கப்படுகிறது, வருமான வரம்பைத் தாண்டாத சிறு கிளினிக்குகள் தவிர. முதலாளி செலவை ஏற்கும் பேனல் கிளினிக் ஏதேனும் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். பதிவு பெற்ற பல் மருத்துவர் தரும் எம்சியை, அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழை, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் ஏற்கிறது. பல்வலிக்கெல்லாம் விடுப்பா என்று மேற்பார்வையாளர் முணுமுணுத்தாலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஐந்து நிமிடத்தில்தான் ஆட்கள் அவசரப்படுகிறார்கள்; பல் போன நிம்மதியில் எதையும் கேட்பதில்லை. கட்டுமான வேலை செய்த ஒருவருக்குப் பல் பிடுங்கிப் பஞ்சு வைத்து அனுப்பினோம். நான் அன்று விடுப்பு. கவுன்டரில் புதிதாகச் சேர்ந்த பெண் ‘ஜாஙான் கூமூர்’ என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறாள். கொப்பளிக்காதே என்று பொருள். அவருக்குத் தெரிந்த சொல் ‘கூமூர்’ மட்டும். நம் ஊரில் பல் எடுத்தால் உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பதுதானே வழக்கம் என்று இரவெல்லாம் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பியிருக்கிறார். விடியற்காலையில் சட்டையெல்லாம் இரத்தக் கறையோடு வந்து கிளினிக் படியில் உட்கார்ந்திருந்தார். பல் இருந்த குழியில் உறையும் இரத்தம்தான் அந்தப் புண்ணுக்கு மூடி. முதல் 24 மணி நேரம் வேகமாகக் கொப்பளிப்பதும், துப்புவதும், உறிஞ்சுகுழலில் குடிப்பதும், புகைப்பதும் அந்த மூடியைப் பெயர்த்துவிடும். பஞ்சை அரைமணி நேரம் அழுத்திக் கடித்திருந்தால் போதும். உப்பு நீர் மறுநாளிலிருந்து, மெதுவாக. மூன்றாம் நாள் வாக்கில் வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால் அந்த இரத்த மூடி போய்க் குழி காய்ந்திருக்கலாம், திரும்பிப் போங்கள். ‘ஜாஙான்’ என்ற ஒரு சொல்லை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அதற்குப் பின்னால் வருவது எதுவானாலும் செய்யக் கூடாது. மருந்துப் பையின் மேல் ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்பதை அங்கேயே விரலால் எண்ணிக் காட்டித் தலையசைப்பு வாங்கிக்கொள்ளுங்கள். உதட்டில் உணர்வு திரும்பும் வரை எதையும் மெல்ல வேண்டாம், கன்னத்தையே கடித்துவிடுவீர்கள்.

கண் பக்கமோ கழுத்துப் பக்கமோ வீக்கம் பரவினாலோ, வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்காவிட்டாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தாலோ கிளினிக் வேண்டாம். நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவு, அல்லது 999.

கடைசியாகத் தீபாவளி. சொத்தை பண்டிகைக்காகக் காத்திருப்பதில்லை. வலி திடீரென்று தானாக நின்றுவிட்டால் குணமானதாக எண்ண வேண்டாம். உள்நரம்பு செத்து, சீழ் வேர்நுனிக்கு இறங்கத் தொடங்கியிருக்கலாம். செலவுக்காக ஊரில்தான் முடிக்க வேண்டும் என்றால், இங்கே சொத்தையைச் சுரண்டி, தேவையானால் நரம்பை எடுத்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்துக்கொண்டு போங்கள். அந்த அடைப்புக்குச் சில வாரங்களே ஆயுள் என்பதால் பயணத் தேதியை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எக்ஸ்ரேயைக் கைப்பேசியில் அனுப்பச் சொல்லி, என்ன மருந்து வைத்தார், என்று வைத்தார், எந்தப் பல் என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதி வாங்குங்கள். அதில் 46 என்று இருந்தால், சிவகங்கையில் இருக்கும் மருத்துவரும் அதே பல்லைத்தான் திறப்பார்.